‘எனக்கு வேலை செய்கிறதே!’ – பள்ளி இணையதளத்தில் ஒரு பிழை தேடல்

எங்கள் பள்ளி இணையதளத்தில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காக வாரந்தோறும் ஓர் அறிவியல் வினாடி வினா வைக்கிறோம். பத்து வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தினால் மதிப்பெண்ணும், தவறவிட்ட வினாக்களுக்கு விளக்கமும் உடனே திரையில் வரும். திங்கட்கிழமை மாலை 4 மணிக்கு வெளியிடுவேன். வெள்ளிக்கிழமை இரவு வரை நேரம். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலோருக்குச் சொந்தமாகக் கைப்பேசி கிடையாது. அப்பாவோ அண்ணனோ வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு, இரவு 7 மணிக்கு மேல் அரை மணி நேரம் கிடைத்தால் உண்டு. அந்த அரை மணி நேரத்தை நம்பித்தான் இந்த ஏற்பாட்டையே தொடங்கினேன். வகுப்பில் கை தூக்கத் தயங்கும் மெல்லக் கற்போர் சிலர், வீட்டில் இரண்டு மூன்று முறை முயன்று 10-க்கு 8 வாங்கிவிட்டு, மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்பே வந்து என்னிடம் சொல்வார்கள்.

அரையாண்டுத் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தபோது அதில் கோளாறு வந்தது. ஒரு புதன்கிழமை காலை மூன்று மாணவர்கள் வந்து, “மிஸ், சமர்ப்பி அமுக்குனா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, மார்க் வரல” என்றார்கள். உடனே ஆய்வகத்துக்குப் போய் என் கணக்கில் நுழைந்து செய்து பார்த்தேன். ஒரு நொடியில் மதிப்பெண் வந்தது. “எனக்கு வேலை செய்யுதே? உங்க வீட்ல நெட் சரியில்லையா இருக்கும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரமும் அதே புகார். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 38 பேரில் 21 பேர் முடித்திருந்தார்கள். அந்த 21 பேரும் திங்கள் இரவே செய்தவர்கள். செவ்வாய், புதனுக்குத் தள்ளிப்போட்ட ஒருவருக்கும் மதிப்பெண் பதிவாகவில்லை. ஆசிரியர் மனம் இதை எப்படிப் படிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். செய்கிற பிள்ளைகள் முதல் நாளே செய்துவிட்டார்கள், செய்யாதவர்கள் சாக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நானும் படித்தேன். அன்று மாலை வீட்டில் என் கணவரின் கைப்பேசியில் தற்செயலாகத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

கடைசியாகத் தொட்டவர் யார்?

இணையதளம் பராமரிக்காத நண்பர்களுக்காகச் சிறு விளக்கம். எங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் இயங்குகிறது. 2003-இல் முதன்முதலாக வெளியான இந்த மென்பொருள், எழுதுவது, வெளியிடுவது, பயனர்களை நிர்வகிப்பது ஆகிய அடிப்படை வேலைகளைச் செய்யும். தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிப்பது ‘தீம்’. அடிப்படையில் இல்லாத கூடுதல் வேலைகளுக்கு ‘பிளகின்’ என்ற சிறு மென்பொருள்களைச் சேர்த்துக்கொள்ளலாம். செருகுநிரல் என்று தமிழில் எழுதுகிறார்கள். வினாடி வினாவுக்கு ஒன்று, படத்தொகுப்புக்கு ஒன்று, தளத்தை வேகப்படுத்த ஒன்று என்று எங்கள் தளத்தில் 14 பிளகின்கள் இருந்தன. இலவசமாகக் கிடைக்கிறதே என்று சேர்த்துக்கொண்டே போனது என் ஆசை. ஒவ்வொன்றையும் எழுதியவர் வேறு வேறு ஆள். ஒருவர் எழுதியது மற்றவருடையதோடு ஒத்துப்போகும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

தளப் பணியில் எனக்கு உதவியவள் பதினொன்றாம் வகுப்பு கணினி அறிவியல் பிரிவு மாணவி ஒருத்தி. மதிய உணவு இடைவேளையில் பாதி நேரம் ஆய்வகத்தில்தான் இருப்பாள். கோளாறு தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை, விளையாட்டு விழாப் படங்களைப் போடுவதற்காக ஒரு படத்தொகுப்புப் பிளகினை அவள் நிறுவியிருந்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வியாழக்கிழமை அவள் முன்னாலேயே அந்தப் பிளகினை முடக்கினேன். என் கைப்பேசியில் வினாடி வினாவைத் திறந்து சமர்ப்பித்தேன். மதிப்பெண் வந்தது!

“பாத்தியாம்மா? நீ போட்டதுக்கப்புறம்தான் இது வந்துது. போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றேன். ஆய்வகத்தில் அவளுடைய வகுப்பு மாணவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். “கேட்டுத்தான் மிஸ் போட்டேன்” என்றாள் மெதுவாக. கேட்டிருந்தாள்தான். விடைத்தாள் திருத்திக்கொண்டே தலையாட்டியது பிறகு நினைவுக்கு வந்தது. தலைமையாசிரியரிடம் விஷயத்தைச் சொன்னபோது, “அந்தப் பொண்ணோட நிர்வாகி அனுமதியை எடுத்துடுங்க டீச்சர், பரீட்சை நேரத்துல எதுக்கு வம்பு” என்றார். எடுத்துவிட்டேன். மறுநாளிலிருந்து அவள் ஆய்வகத்துக்கு வரவில்லை.

அடுத்த செவ்வாய் இரவு மீண்டும் வட்டம் சுற்றியது. படத்தொகுப்புப் பிளகின் தளத்தில் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் ஊரிலேயே இல்லாதபோது திருட்டு நடந்தால் என்ன முடிவுக்கு வருவோம்? நான் அந்த முடிவுக்கு வரவில்லை. அது தரவுத்தளத்தில் எதையோ விட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாம் ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டால் அதைக் காப்பாற்ற எத்தனை காரணங்கள் வந்து நிற்கின்றன என்று இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது.

பிறகு வினாடி வினாப் பிளகினை உருவாக்கியவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘உங்கள் பிளகின் வேலை செய்யவில்லை, தேர்வு நேரம், உடனே சரிசெய்யுங்கள்’ என்பதுதான் அதன் சாரம். பதில் இரண்டே வரியில் வந்தது: வேறு எதுவும் இல்லாத புதிய நிறுவலில் எங்கள் பிளகினை மட்டும் வைத்துச் சோதியுங்கள், அங்கும் இதே கோளாறு வருகிறதா என்று எழுதுங்கள். தட்டிக்கழிக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. புதிய தளத்தில் வேலை செய்தால் எனக்கென்ன பயன்? கோளாறு என் தளத்தில் அல்லவா இருக்கிறது?

இலையைத் தயார் செய்தல்

அந்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கைச் சோதனை செய்து காட்டினேன். நம் எல்லோருக்கும் தெரிந்த சோதனைதான். தொட்டிச் செடி இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மறைத்து வெயிலில் வைக்கிறோம். பிறகு இலையைப் பறித்து ஆல்கஹாலில் பச்சையம் நீக்கி அயோடின் விடுகிறோம். வெயில் பட்ட பகுதி கருநீலமாகிறது, மறைத்த பகுதி ஆவதில்லை. இதில் மாணவர்கள் தவறாமல் மறக்கும் படி ஒன்று உண்டு: சோதனைக்கு முன் செடியை ஒன்றிரண்டு நாள் இருட்டில் வைப்பது. “ஏன் இருட்டுல வைக்கணும்?” என்று கேட்டேன். “ஏற்கெனவே இலையில இருக்கிற ஸ்டார்ச் போகணும் மிஸ். இல்லன்னா எது பழசு, எது இன்னிக்கு உண்டானதுன்னு தெரியாது” என்றான் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன்.

சொல்லிவிட்டு அவன் உட்கார்ந்துவிட்டான். நான் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். 14 பிளகின்கள், மூன்று ஆண்டு அமைப்புகள், யார் எப்போது மாற்றினார்கள் என்றே தெரியாத நூறு விஷயங்கள் நிறைந்த தளத்தில் ஒரு பிளகினை முடக்கிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னேனே, அது இருட்டில் வைக்காத இலையில் அயோடின் விட்டதுதான். கடிதத்தில் அவர்கள் கேட்டது இலையைத் தயார் செய்யச் சொல்லித்தான்.

அன்று மதியம் அந்த மாணவியின் வகுப்புக்குப் போய், “ஒரு சோதனை செய்யப் போறேன், உதவிக்கு வர்றியாம்மா?” என்று கேட்டேன். வந்தாள். அதிகம் பேசவில்லை.

வெற்றுத் தளம் அமைத்தல்

இதற்குப் புதிய ஹோஸ்டிங்கோ பணமோ தேவையில்லை. ஆய்வகக் கணினி ஒன்றே போதும். எக்ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பை நிறுவினால் இணையதளம் இயங்கத் தேவையான அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி மூன்றும் ஒன்றாக வந்துவிடும். அதற்குள் இருக்கும் எச்டிடாக்ஸ் என்ற கோப்புறையில் வேர்ட்பிரஸ் கோப்புகளை விரித்துவைத்து, ஒரு காலித் தரவுத்தளம் உருவாக்கி, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று திறந்தால் நிறுவல் தொடங்கும். முதல் முறை என்றால் ஒரு பாடவேளை ஆகும். கோப்புகளை ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் பிறகு இணைய இணைப்பே வேண்டாம். நம் ஆய்வகங்களின் இணைய வேகம் தெரிந்தவர்களுக்கு இது பெரிய செய்தி.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது பதிப்பு எண். புதிய வேர்ட்பிரஸ்தானே நல்லது என்று இன்றைய பதிப்பை நிறுவினால், நம் தளத்தில் இருப்பது வேறு பதிப்பாக இருக்கலாம். அப்போது ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் செய்தவர்களாகிறோம். நிர்வாகப் பக்கத்தில் ‘கருவிகள்’ என்பதற்குக் கீழே ‘தள நலம்’ என்ற பகுதி இருக்கிறது. 2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து இது உண்டு. அதன் தகவல் பக்கத்தில் வேர்ட்பிரஸ், பிஎச்பி, தீம், ஒவ்வொரு பிளகின் ஆகியவற்றின் பதிப்பு எண்களும் ஒரே இடத்தில் கிடைக்கும். அதை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே எண்களை நிறுவினோம். பழைய பதிப்புகள் வேர்ட்பிரஸ் தளத்திலேயே கிடைக்கின்றன.

இரண்டாவது பிள்ளைகளின் விவரங்கள். உண்மையான தளத்தின் தரவுத்தளத்தை அப்படியே நகலெடுத்துச் சோதனைத் தளத்தில் கொட்டுவது எளிது. ஆனால் அதில் மாணவர்களின் பெயர், வகுப்பு, மதிப்பெண் எல்லாம் இருக்கும். பலர் புழங்கும் ஆய்வகக் கணினியில் அதை வைக்கக் கூடாது. ‘1 + 1 = ?’ என்ற தரத்தில் இரண்டு பொய் வினாக்கள் போட்டோம். பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க அது போதும்.

ஒவ்வொன்றாக

வேர்ட்பிரஸோடு வரும் இயல்பான தீம், வினாடி வினாப் பிளகின், வேறொன்றும் இல்லை. இதுதான் தொடக்கம். என் பழைய தவறு நினைவிருந்ததால், நிர்வாகியாக நுழைந்து பார்ப்பதோடு நிறுத்தவில்லை. பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, வெளியாள் பார்ப்பது போலவும் பார்த்தோம். இரண்டிலும் மதிப்பெண் வந்தது. ஆக, பிளகின் தனியாக நலமாக இருக்கிறது.

அடுத்து எங்கள் தளத்தின் தீமைப் போட்டோம். வேலை செய்தது. அடுத்து என்ன சேர்ப்பது என்று கேட்டேன். “படத்தொகுப்பு” என்றாள், என்னைப் பார்க்காமல். சேர்த்தோம். முப்பது படங்களும் ஏற்றினோம். மறைநிலையில் திறந்து சமர்ப்பித்தாள். மதிப்பெண் வந்தது. மீண்டும் செய்தாள். வந்தது. ஐந்து முறை செய்தாள், நான் நிறுத்தவில்லை.

மீதி 12 பிளகின்கள். ஒவ்வொன்றாகச் சேர்ப்பதற்குப் பதில் பாதி பாதியாகச் சேர்த்தால் நேரம் மிச்சம். ஆறைச் சேர்த்துக் கோளாறு வந்தால் அந்த ஆறுக்குள் இருக்கிறது. அதை மூன்றாகப் பிரிக்கலாம். 16 பிளகின் இருந்தால்கூட நான்கே சுற்றில் ஒன்றுக்கு வந்துவிடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: இரண்டு பிளகின்கள் சேரும்போது மட்டும் வரும் கோளாறு என்றால், அவை வெவ்வேறு பாதியில் விழுந்து நம்மை ஏமாற்றிவிடும். நாங்கள் ஆறு சேர்த்தோம், வேலை செய்தது. அடுத்த ஆறும் சேர்த்தோம். அதுவும் வேலை செய்தது!

இப்போது இரண்டு தளங்களிலும் அதே வேர்ட்பிரஸ், அதே தீம், அதே 14 பிளகின்கள். ஒன்றில் கோளாறு, மற்றதில் இல்லை. எனக்குச் சலிப்பாகிவிட்டது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அவள் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். “மிஸ், திங்கக்கிழமை செஞ்சவங்களுக்கு எல்லாம் வேலை செஞ்சிருக்கு. செவ்வாய்க்கிழமை ராத்திரி செஞ்சவங்களுக்குத்தான் செய்யல. நாம இங்க போட்டவுடனே பாக்குறோம். ஒரு நாள் கழிச்சுப் பாக்கலையே?”

நான் சாக்கு என்று படித்த பட்டியலை அவள் தரவாகப் படித்திருந்தாள்.

“அப்போ நாளைக்கு வந்து பாப்போமா?” என்றேன். “இல்ல மிஸ், கம்ப்யூட்டர்ல தேதிய மாத்திப் பாக்கலாம். சர்வரும் இதே கம்ப்யூட்டர்தானே?” என்றாள். உள்ளூர் நிறுவலில் சர்வருக்குக் கடிகாரம் அந்தக் கணினியின் கடிகாரம்தான். வாடகை சர்வரில் இருக்கும் உண்மையான தளத்தில் இதைச் செய்யவே முடியாது. இரண்டு நாள் முன்னே தள்ளினோம். மறைநிலையில் திறந்தோம். சமர்ப்பித்தோம். மதிப்பெண் வந்துவிட்டது.

அத்தோடு அன்றைய மணி அடித்துவிட்டது. மறுநாள் வேறொன்று செய்தோம். இரண்டு தளங்களின் நிர்வாகப் பக்கங்களையும் அடுத்தடுத்த கணினிகளில் திறந்து, ஒவ்வொரு பிளகினின் அமைப்புப் பக்கத்தையும் வரிவரியாக ஒப்பிட்டோம். உண்மைத் தளத்தைப் பார்த்து நான் வாசிக்க, அவள் சோதனைத் தளத்தில் சரிபார்த்தாள். வேகப்படுத்தும் பிளகினுக்கு வந்தபோது, “கேச் ஆயுட்காலம், 168 மணி நேரம்” என்று வாசித்தேன். “இங்க 8 இருக்கு மிஸ்” என்றாள்.

சோதனைத் தளத்திலும் 168 என்று மாற்றினோம். வெளியாளாக ஒருமுறை பக்கத்தைத் திறந்தோம். தேதியை இரண்டு நாள் தள்ளினோம். மறுபடி திறந்து சமர்ப்பித்தோம். வட்டம் சுற்றத் தொடங்கியது, நிற்கவில்லை. எண்ணை 8 ஆக்கி அதே படிகளைச் செய்தால் மதிப்பெண் வருகிறது. 168 ஆக்கினால் வட்டம். மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்து உறுதிப்படுத்திக்கொண்டோம். பிழையைக் கண்டு இவ்வளவு மகிழ்ச்சியடைந்தது அன்றுதான்.

“இத யாரு மிஸ் மாத்துனது?” என்று அவள் கேட்டாள். கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். விளையாட்டு விழாப் படங்கள் ஏறிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, தளம் மெதுவாகத் திறக்கிறதே என்று ஒரு காணொளியைப் பார்த்து அந்த எண்ணை மாற்றியது நான். புதிதாக எதையும் நிறுவவில்லை, ஓர் எண்ணைத்தான் மாற்றினேன். அதனால் அது ஒரு மாற்றமாகவே என் நினைவில் பதியவில்லை.

உள்ளே நடந்தது என்ன?

பிளகின் உருவாக்கியவர்களுக்கு இரண்டாவது கடிதம் எழுதினோம். இந்த முறை உணர்ச்சி எதுவும் இல்லை: பதிப்பு எண்கள், செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, எந்த எண்ணை மாற்றினால் கோளாறு வருகிறது, எதில் போகிறது. பிரவுசரின் உருவாக்குநர் கருவியில் ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்துவைத்துச் சமர்ப்பித்தபோது சிவப்பில் 403 என்று வந்ததையும் சேர்த்தோம். அனுமதி மறுப்பு என்று அந்த எண்ணுக்குப் பொருள். மறுநாளே விளக்கமான பதில் வந்தது.

கேச் என்பது ஜெராக்ஸ் மாதிரி. யாராவது பக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் வேர்ட்பிரஸ் அதைப் புதிதாக எழுதித் தர வேண்டும். அந்த உழைப்பைக் குறைக்க, கேச் பிளகின் ஒரு நகலை எடுத்துவைத்துக்கொண்டு அடுத்து வருபவர்களுக்கு அந்த நகலையே கொடுக்கும். அதனால்தான் வேகம். வினாடி வினாப் பக்கத்திலோ கண்ணுக்குத் தெரியாத ஒரு ரகசியச் சீட்டு இருக்கிறது. ‘நான்ஸ்’ என்கிறார்கள். விடை சமர்ப்பிக்கும்போது இந்தச் சீட்டும் கூடவே போகும். சர்வர் அதைப் பார்த்து, உண்மையிலேயே நம் பக்கத்திலிருந்து வந்ததுதானா என்று சரிபார்க்கும். வேர்ட்பிரஸில் இந்தச் சீட்டு இயல்பாகக் குறைந்தது 12 மணி நேரமும் அதிகம் போனால் 24 மணி நேரமும்தான் செல்லும். அன்றைக்கு மட்டும் செல்லும் பேருந்துப் பயண அட்டை போல.

திங்கள் மாலை எடுத்த ஜெராக்ஸில் திங்கள் மாலைச் சீட்டும் சேர்ந்தே நகலாகிவிட்டது. கேச் ஆயுள் 8 மணி நேரமாக இருந்தவரை, சீட்டு காலாவதியாகும் முன்பே நகல் குப்பைக்குப் போய்விடும். புதிய நகலில் புதிய சீட்டு. 168 மணி நேரம் என்றால் ஒரு வாரம். செவ்வாய் இரவு அப்பாவின் கைப்பேசியைக் கெஞ்சி வாங்கிய பிள்ளையின் கைக்கு வந்தது நேற்றைய சீட்டு. சர்வர் அதை ஏற்கவில்லை. விடை சரியா தவறா என்று பார்க்கும் கட்டத்துக்கே அது போகவில்லை.

மற்ற புதிர்களும் அவிழ்ந்தன. எனக்கு மட்டும் எப்போதும் வேலை செய்தது ஏன்? உள்நுழைந்திருப்பவர்களுக்குக் கேச் பிளகின்கள் பொதுவாக நகலைத் தருவதில்லை, ஒவ்வொரு முறையும் புதிய பக்கம்தான். படத்தொகுப்பை முடக்கியதும் சரியானது ஏன்? ஒரு பிளகினை இயக்கினாலோ முடக்கினாலோ பல கேச் பிளகின்கள் பழைய நகல்களையெல்லாம் அழித்துவிடும். எங்களுடையதும் அப்படித்தான். அன்று எந்தப் பிளகினை முடக்கியிருந்தாலும் வினாடி வினா ஒரு நாளைக்கு வேலை செய்திருக்கும். நான் ‘நிரூபணம்’ என்று எல்லோர் முன்னாலும் காட்டியது அதைத்தான்.

தீர்வு இரண்டு நிமிட வேலை. கேச் ஆயுளை மீண்டும் 8 மணி நேரமாக்கினோம். வினாடி வினாப் பக்கங்களைக் கேச் செய்ய வேண்டாம் என்று விலக்குப் பட்டியலிலும் சேர்த்தோம். படத்தொகுப்பு திரும்ப வந்தது.

நீங்கள் செய்வதாக இருந்தால்

கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாத பள்ளிகளும் உண்டு. அங்கே வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் உதவும். பிரவுசருக்குள்ளேயே ஒரு முழு வெற்றுத் தளம் சில நொடிகளில் தயாராகும். பிளகினைப் போட்டுப் பார்க்கலாம், கெடுத்தும் பார்க்கலாம். தனியாகச் சேமித்துக்கொள்ளாவிட்டால் பக்கத்தை மூடியதும் எல்லாம் போய்விடும். பிளகின் தனியாக இயங்குகிறதா என்ற முதல் கேள்விக்கு இதுவே போதும். எங்களுடையது போல நேரம் சார்ந்த கோளாறுக்கு எக்ஸாம்ப்தான் வசதி.

‘ஹெல்த் செக் அண்ட் டிரபுள்ஷூட்டிங்’ என்ற பிளகினும் இருக்கிறது. நேரடித் தளத்திலேயே, பார்வையாளர்களுக்கு எந்த மாற்றமும் தெரியாமல், உள்நுழைந்திருக்கும் நிர்வாகிக்கு மட்டும் மற்றப் பிளகின்களை முடக்கி, இயல்பான தீமையும் காட்டும். மிக நல்ல கருவி. ஆனால் எங்கள் கோளாறு உள்நுழையாதவர்களுக்கு மட்டுமே வந்தது என்பதால், இதைப் பயன்படுத்தியிருந்தால் எல்லாம் நலம் என்றே காட்டியிருக்கும். கருவியைக் குறை சொல்லவில்லை. அது யார் கண்ணால் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

நிர்வாகப் பக்கமே திறக்காத அளவுக்குத் தளம் முடங்கிவிட்டால், ஹோஸ்டிங்கின் கோப்பு மேலாளர் வழியாக ‘பிளகின்ஸ்’ என்ற கோப்புறையின் பெயரை மாற்றுங்கள். எல்லாப் பிளகின்களும் ஒரேயடியாக முடங்கும், கோப்புகள் அழியாது. இதற்கு முன் காப்புநகல் எடுத்துக்கொள்ளச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

கணினி அறிவியல் ஆசிரியர்கள் இதை மேல்நிலை மாணவர்களுக்கு ஒரு செயல்பாடாகவே தரலாம். வெற்றுத் தளத்தில் நீங்களே ஓர் அமைப்பை மாற்றிவைத்துவிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் ஒரு வரி. எங்கள் மாணவர்களிடம் செய்து பார்த்தபோது, முதலில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, “சரியாயிடுச்சு மிஸ்” என்றார்கள். “எதனால சரியாச்சு?” என்று கேட்டதும் விழித்தார்கள். அந்த விழிப்புக்கு ஒரு பாடவேளை முழுவதும் செலவழிக்கலாம்.

பதினொன்றாம் வகுப்புக்குப் போனேன். அன்று ஆய்வகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். கோளாறுக்குக் காரணம் நான் மாற்றிய எண் என்றும், படத்தொகுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும், அதைக் கண்டுபிடித்தது யார் என்றும் சொன்னேன். பத்தாம் வகுப்பிலும் போய், சாக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்ததற்காக 17 பேரிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மிஸ், அந்த வாரத்து குவிஸ மறுபடி போடுவீங்களா?” என்றுதான் கேட்டார்கள். போட்டேன். தலைமையாசிரியரிடம் பேசி அவளுடைய நிர்வாகி அனுமதியையும் திரும்பத் தந்தேன்.

இப்போது ஆய்வகத்தில் தளத்துக்கென்று ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, யார், என்ன மாற்றம், முன்பு என்ன, இப்போது என்ன என்று ஐந்து கட்டங்கள். பிளகின் சேர்த்தால் மட்டும் எழுதினால் போதாது, எண் மாற்றினாலும் எழுத வேண்டும் என்பது அவள் போட்ட விதி. முதல் வரியையும் அவளே எழுதினாள். ‘யார்’ என்ற கட்டத்தில் என் பெயரை எழுதலாமா என்று என்னைப் பார்த்தாள். எழுதச் சொன்னேன்.